இரண்டாம் எண் குழாய்க்குப் பச்சை அடித்தது நான்தான்

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு வறளும். எனக்கு ஜோக் வரும். அதுவும் மட்டமான ஜோக். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அடித்த ஜோக்குகளுக்காக என் மச்சான் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இந்தக் குணம் இனி மாறப்போவதில்லை. ஆகவே கீழே எங்கெல்லாம் நான் உங்களைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறேனோ, அங்கெல்லாம் நான் பயந்துகொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் புள்ளியியல்காரன். பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள், நூலகத்துக்கும் கேன்டீனுக்கும் நடுவில் இருக்கிற பல்துறை ஆய்வு மையத்தில் வேலை. வேதியியல், சமூகவியல், பொருளாதாரம், உயிரியல் என்று தனித்தனிக் கட்டடங்களில் இருந்தவர்களை ஒரே மாடியில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே பிரச்சினையைப் பார்க்க வேண்டுமாம். ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டில் இதை நான் விளக்கிச் சொன்னபோது என் மனைவி, “ஒரே கொழம்புக்கு நாலு பேர் சமையல்காரங்க. அவனவன் அடுத்தவன் உப்பு போட்டிருப்பான்னு நெனச்சிக்கினு இருப்பான்” என்றாள். நான் சிரித்தேன். அப்போது அது ஜோக்காக இருந்தது.

எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதன்கிழமை மதியம் எல்லாரும் ஒரே மேஜையில்தான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு முடிக்கும்போது இரண்டு பேர் எழுந்து பேச வேண்டும். ஆனால் தன் வேலையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. பக்கத்துத் துறைக்காரர் என்ன செய்கிறார் என்பதைத்தான் சொல்ல வேண்டும். தப்பித் தவறித் தன் வேலையைப் பேசியவர் மேஜையில் இருக்கிற அத்தனை டிபன் டப்பாவையும் கழுவித் தர வேண்டும். இயக்குநர் கொண்டுவந்த விதி. அடுத்தவர் வேலையைப் புரிந்துகொள்ளாமல் சேர்ந்து வேலை செய்ய முடியாது என்பார். நாங்கள் அதை வாராந்தரக் கூத்தாக மட்டுமே பார்த்தோம். நான் மட்டும் மூன்று முறை டப்பா கழுவியிருக்கிறேன்.

இனி ஏரிக்கு வருகிறேன். சந்தாபுராவைத் தாண்டி உள்ளே போனால் ஒரு சின்ன ஏரி. பேர் வேண்டாம். அதன் ஒரு கரையை ஒட்டி வரிசையாகப் பன்னிரண்டு போர்வெல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொதுக் குழாய், சுற்றிலும் வீடுகள். கரையின் ஒரு முனையில் பஸ் ஸ்டாப். அங்கேதான் புது லேஅவுட்டுகளின் சாக்கடை ஏரியில் வந்து விழுகிறது. மறு முனையில் கோடி, அதாவது ஏரி நிரம்பினால் தண்ணீர் வெளியே வழிகிற இடம். போர்வெல் தண்ணீர் குடிக்க லாயக்கா என்று நாங்கள் மூன்று பேர் பார்த்தோம். வேதியியல் பேராசிரியர் தண்ணீரைச் சோதித்தார். அவர் மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். சமூகவியல் மேடம் வீடு வீடாகப் போய் யார் எந்தக் குழாயில் பிடிக்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதினார். அவர் திருநெல்வேலிக்காரர், பெங்களூருக்கு வந்து நாலு வருஷம். இருவர் கணக்கையும் சேர்த்து அட்டவணை போட்டது நான்.

வீட்டின் அடையாளம் எதுவும் என் கைக்கு வரக் கூடாது என்பது நெறிமுறைக் குழுவின் கட்டளை. பேர் இல்லை, கதவு எண் இல்லை, இடக்குறிப்பு இல்லை. போர்வெல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை என்று எண் மட்டும். அவர் தாளில் பன்னிரண்டு, இவர் தாளில் பன்னிரண்டு. ஒன்றுகூட மிச்சமில்லாமல் பொருந்தியது. என் இருபத்தைந்து வருஷ அனுபவத்தில் இவ்வளவு சுத்தமாகப் பொருந்திய இரண்டு பட்டியலை நான் பார்த்ததே இல்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் அது. நானோ எழுந்து போய்க் காபி குடித்தேன்.

ஒன்று முதல் ஏழு வரை நல்ல தண்ணீர். எட்டு முதல் பன்னிரண்டு வரை நைட்ரேட் அதிகம், குடிக்கக் கூடாது. இதுதான் முடிவு. வேதியியல்காரர் அறிக்கையைப் படித்து, “நான் நெனச்சதே” என்று கையெழுத்துப் போட்டார். மேடம் படித்து, “ஆச்சரியமா இருக்கே” என்று கையெழுத்துப் போட்டார். ஒரே அறிக்கை. ஒருவருக்கு எதிர்பார்த்தது, இன்னொருவருக்கு ஆச்சரியம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

குழாய்களுக்குப் பச்சையும் சிவப்பும் பெயிண்ட் அடிக்கப் போன நாளில் வேதியியல்காரர் யாரோ ஒரு மாணவனுக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போய்விட்டார். நானும் மேடமும் போனோம். மேடம் தன் பட்டியலைப் பார்த்துக் குழாயைக் காட்ட, நான் அடித்தேன். போட்டோவில் விழ வேண்டும் என்ற ஆசையில் பிரஷ்ஷை நானே பிடித்துக்கொண்டேன்.

“சாக்கடை விழுற பக்கம் நல்லா இருக்கு, தூரமா இருக்கறது கெட்டுப் போயிருக்கு. எப்படி சார்?” என்று மேடம் கேட்டார்.

“நிலத்தடி நீர் நம்ம நெனக்கிற வழியில போகாது மேடம்” என்றேன். நிலத்தடி நீரைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது நிலத்துக்கு அடியில் இருக்கிறது என்பது மட்டும்தான்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து இரண்டாவது குழாய். அதற்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், கணவனுக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. “இத்தினி நாளா கேன் தண்ணிதான் சார் வாங்கிக்கினு இருந்தோம். இனிமே கொழந்தைக்குப் பவுடர் பால் கலக்கறதுக்கு இதையே வெச்சுக்கலாமா?” என்றாள்.

“தாராளமா” என்று சொல்லி, ஒரு டம்ளர் வாங்கி, குழாயில் பிடித்து, எல்லார் முன்னாலும் கடகடவென்று குடித்துக் காட்டினேன். கைதட்டினார்கள்.

பதினோரு நாள் கழித்து அந்தப் புதன்கிழமை வந்தது.

அன்று பேச வேண்டியவர்கள் வேதியியல்காரரும் மேடமும்தான். அவர் வேலையை இவரும், இவர் வேலையை அவரும் சொல்ல வேண்டும். என் மனைவி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தில் நான் பாதியில் இருந்தேன்.

மேடம் எழுந்தார். “சார் பாட்டில் தூக்கிட்டுப் போனா எப்பவும் கோடியிலதான் ஆரம்பிப்பாங்க. சுத்தமான தண்ணிய மொதல்ல எடுத்துட்டு, கடைசியாத்தான் அழுக்குப் பக்கம் வரணுமாம். இல்லன்னா அழுக்கு ஒரு பாட்டில்ல இருந்து அடுத்த பாட்டிலுக்குத் தொத்திக்குமாம். அதனால கோடிதான் அவுங்களுக்கு ஒண்ணாம் நம்பர்.”

கைதட்டல். வேதியியல்காரர் எழுந்தார். “மேடம் பாவம், கார்ல போறவரில்ல. பஸ்ல போய் எறங்கி, எறங்கின எடத்துலயே மொதல் வீடு. அதுதான் ஒண்ணாம் நம்பர். அப்படியே கரையோட நடந்து நடந்து கோடிக்குப் போறதுக்குள்ள மூணு வாட்டி டீ குடிப்பாங்க.”

மறுபடி கைதட்டல். இருவரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மோர்மிளகாய்க்குக் கை நீட்டினார்கள். மேஜையில் ஒருவர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை.

அவருக்குக் கோடி ஒன்று. இவருக்குப் பஸ் ஸ்டாப் ஒன்று.

என் காது சூடானது. கையிலிருந்த உருண்டை தயிர்சாதம் வாய்க்கும் டப்பாவுக்கும் நடுவில் நின்றது. நான் சிரித்தேன். சத்தமாக. ஜோக்குக்குச் சிரிக்கிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினேன். அவருடைய பன்னிரண்டு இவருடைய ஒன்று. அவருடைய பதினொன்று இவருடைய இரண்டு. குடிக்கவே கூடாத ஐந்து போர்வெல்லும் பஸ் ஸ்டாப் பக்கம். அத்தனைக்கும் பச்சை. கோடிப் பக்கத்தில் ஐந்து நல்ல போர்வெல். அத்தனைக்கும் சிவப்பு. நடுவில் ஆறும் ஏழும் மட்டும் சரி. பன்னிரண்டில் இரண்டு. பள்ளிக்கூடப் பரீட்சையில்கூட நான் இவ்வளவு குறைவாக வாங்கியதில்லை.

முதலில் எனக்கு வந்த பயம் என்னைப் பற்றித்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு டம்ளர். வயிற்றைத் தடவிப் பார்த்தேன். பதினோரு நாளைக்கு முன் குடித்த தண்ணீர் இப்போது வலிக்க ஆரம்பித்தது. இரண்டாவது பயம் வேலையைப் பற்றி. யாரிடமும் சொல்லாமல் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரு நிமிஷம் இல்லை, நாலு. ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் பெயிண்டை மாற்றி அடித்துவிட்டு, ‘வெயிலில் நிறம் மாறிவிட்டது’ என்று சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்புறம்தான் இடுப்பில் குழந்தையோடு அவள் நின்றது நினைவுக்கு வந்தது. தாராளமா என்று சொன்னவன் நான்.

நைட்ரேட் பெரியவர்களை உடனே ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைகள் விஷயம் அப்படியில்லை. பவுடர் பாலில் அந்தத் தண்ணீர் கலந்து உள்ளே போனால், ரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்கிற வேலையைச் சரியாகச் செய்யாது. உதடும் நகமும் நீலம் பாயும். இதை என் அறிக்கையில் நானே அழகாக ஒரு பத்தி எழுதியிருந்தேன்.

ஓடினேன். வேதியியல்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தன் தாளைப் பார்த்தார், மேடத்தின் தாளைப் பார்த்தார், மறுபடி தன் தாளைப் பார்த்தார். “ஏனு சார் இது” என்றார் மெதுவாக. மேடத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. “நாந்தான சார் கொழாயக் காட்டுனேன்” என்றார்.

“போன் பண்ணுங்க மேடம். அந்த வீட்டுக்கு.”

“நம்பர் வாங்கக் கூடாதுன்னுதான நெறிமுறைக் குழுவில சொன்னாங்க. யார் நம்பரும் இல்ல.”

மூன்று பேரும் இயக்குநர் அறைக்குப் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது பெரிய விஷயம், முறைப்படி ஒரு கமிட்டி கூட்ட வேண்டும், திங்கட்கிழமை காலை வைத்துக்கொள்ளலாமா என்றார்.

“திங்கக்கெழம வரைக்கும் அந்தப் புள்ள பால் குடிக்காம இருக்குமா சார்?” என்று கேட்டார் மேடம்.

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மேஜை இழுப்பறையைத் திறந்து மையத்தின் ஜீப் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

வேதியியல்காரர் ஒரு சின்ன டப்பியில் சோதனைத் தாள்கள் கொண்டுவந்தார். தண்ணீரில் முக்கினால் ஒரு நிமிஷத்தில் நிறம் மாறும்; எவ்வளவு அடர்ந்த சிவப்போ அவ்வளவு நைட்ரேட். அவர் ஓட்டினார். சில்க் போர்டு சந்திப்பில் வழக்கம்போல் வண்டிகள் அசையவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் நான், அவள் ஒரு நாளைக்கு எத்தனை முறை பால் கலப்பாள் என்று கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஆறு என்றால் பதினோரு நாளைக்கு அறுபத்தாறு. ஏழு என்றால் எழுபத்தேழு. இப்போது மணி மூன்று. இன்றைக்கு எத்தனையாவதோ.

நடுவில் என் மனைவி போன் செய்தாள். “ஏங்க, சாயங்காலம் வரச்சே தேங்கா வாங்கிட்டு வாங்க.”

“நான் ஜெயிலுக்குப் போறேன். அங்க தேங்கா கெடைக்குமா தெரியல.”

“ஜோக் அடிக்காம சொல்லுங்க. இன்னா ஆச்சி?”

சொன்னேன். “மொதல்ல கொழந்தையப் பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் ஜீப் நின்றபோது நான் கற்பனைகூடச் செய்யாத ஒன்றைப் பார்த்தேன். இரண்டாம் குழாயில் நீளமான வரிசை. கோடிப் பக்கத்துப் பெண்கள். அவர்கள் குழாய்க்கு நான் சிவப்பு அடித்துவிட்டேன் அல்லவா, அதனால் நல்ல தண்ணீரை விட்டுவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு, நடுவிலிருக்கிற பச்சைக் குழாய்களையும் தாண்டி, நான் குடித்துக் காட்டிய குழாய்தான் வேண்டும் என்று கரை முழுக்க நடந்து இங்கே வந்து நிற்கிறார்கள். என் வார்த்தையை நம்பி.

“பிடிக்காதீங்க! யாரும் பிடிக்காதீங்க!” என்று கத்திக்கொண்டு குழாயை நோக்கி ஓடினேன்.

“யோவ், லைன்ல வாய்யா” என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். “எல்லாரும் இங்க சும்மாவா நிக்கறோம்?”

“இல்லம்மா, நாந்தான் பெயிண்ட் அடிச்சவன்.”

“கவர்னரா இருந்தாலும் லைன்ல வா.”

மேடத்தை அவர்களிடம் விட்டுவிட்டு நான் எதிர்வீட்டுக்குப் போனேன். வாசலில் நீல நிற பிளாஸ்டிக் தார்ப்பாய் கட்டி, அதன் நிழலில் தூளி. அவள் கையில் பால் பாட்டில். முக்கால்வாசி காலி.

“அட, வாங்க சார்” என்றாள் சிரித்தபடி.

“அந்த பாட்டில் தண்ணி எதும்மா?”

“நீங்க சொன்ன கொழாதான். சும்மா குடுக்கறதில்ல சார், பத்து நிமிஷம் நல்லா கொதிக்க வெச்சுதான் குடுக்கறேன்.”

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் அடர்த்தியாகும். அவள் எவ்வளவு அக்கறையாகச் செய்தாளோ அவ்வளவும் தப்பான பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் தூளிக்குள் எட்டிப் பார்த்தேன்.

குழந்தையின் உதடு நீலமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. தூளியிலிருந்து குழந்தையை வாரி எடுத்தேன். தெருவுக்கு ஓடினேன். “டாக்டர்! டாக்டர்!” என்று நான் கத்த, “ஐயோ என் புள்ளைய எடுத்துக்கினு ஓடறான், புடிங்க!” என்று அவள் கத்த, தண்ணீர் வரிசை முழுவதும் குடத்தைப் போட்டுவிட்டு என் பின்னால் வந்தது. வெயிலுக்கு வந்ததும் குழந்தையைப் பார்த்தேன். உதடு சிவப்பாக இருந்தது. என் கையைப் பார்த்தேன். நான் ஓடி வந்த அந்தத் தார்ப்பாய் நிழலில் அதுவும் நீலமாகத்தான் இருந்திருக்கும். குழந்தை என்னை ஒருமுறை ஆராய்ந்துவிட்டு என் சட்டையில் பாலைக் கக்கியது.

வேதியியல்காரர் குறுக்கே வந்து நின்றிருக்காவிட்டால் எனக்கு அன்று செம அடி கிடைத்திருக்கும். “சும்னிரி, சும்மா இருங்க, நம்மவரே” என்று கையைக் கூப்பி அவர்களை நிறுத்தினார். நான் குழந்தையை அவள் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, தெரு நடுவில், அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். பச்சை என்றது சிவப்பு. சிவப்பு என்றது பச்சை. எண்ணிக்கையை ஒருவர் ஒரு பக்கத்திலிருந்தும் இன்னொருவர் மறு பக்கத்திலிருந்தும் ஆரம்பித்தார்கள். சேர்த்தது நான். சரிபார்க்காதவனும் நான்.

யாரும் திட்டவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. அவள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள், அப்புறம் குழந்தையைப் பார்த்தாள், பாட்டிலில் மிச்சமிருந்ததை வாசலில் கொட்டினாள்.

வேதியியல்காரர் குழாயில் தாளை முக்கினார். ஒரு நிமிஷம் காத்திருந்தோம். அது வெற்றிலை போட்ட நாக்கு மாதிரி சிவந்தது.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் இருந்த கிளினிக்குக்கு அவளையும் குழந்தையையும் கூட்டிப்போனோம். டாக்டரம்மா குழந்தையின் நகத்தை அழுத்திப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். பார்வைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ரத்தப் பரிசோதனை நாளைக் காலைதான் வரும் என்றார். நானும் ஒரு டம்ளர் குடித்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு வயசு எத்தனை மாசம்?” என்று கேட்டார்.

மறுநாள் காலை நாங்கள் மூவரும் அந்தக் கிளினிக் திறக்கும் முன்பே அதன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அவள் எங்களிடமிருந்து தள்ளி, அடுத்த கடையின் ஓரமாக, கேன் தண்ணீரில் கலந்த பாலைக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டரம்மா வந்து சீட்டைப் பார்த்தார். “ஏறியிருக்கு. பயப்படற அளவுக்கு இல்ல. தண்ணி மாத்தியாச்சில்ல, தானா எறங்கிடும். அடுத்த வாரம் ஒரு தடவ காட்டுங்க. இன்னும் ஒரு மாசம் இதே தண்ணி குடுத்திருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்.”

அன்று கரை முழுவதும் மூன்று பேரும் சேர்ந்தே நடந்தோம். வேதியியல்காரர் தாளை முக்குவார், மேடம் சுற்றியிருந்த வீடுகளைக் கூப்பிட்டு நிறத்தைக் காட்டுவார், அவர்கள் கண் முன்னால் நான் பெயிண்ட் அடிப்பேன். பச்சைக்கு மேல் சிவப்பு ஒட்டாமல் வழிந்தது. இரண்டு பூச்சு போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு குழாயிலும் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தாவது குழாயில் ஒரு கிழவர், “இப்ப சொல்றது மட்டும் சரின்னு எப்டி நம்பறது?” என்றார். தாளையும் டப்பியையும் அவர் கையிலேயே கொடுத்து, அவரையே முக்கச் சொன்னோம்.

கோடி வரை போய் முடித்துவிட்டு, ஜீப்பை எடுக்கப் பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பினோம். இரண்டாம் குழாய் சிவப்பாக ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அவள் வீட்டு வாசலில் தார்ப்பாய் இல்லை. அவிழ்த்துச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தாள். குழந்தை தோளில் தூங்கியது. நான் மண்ணெண்ணெயில் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். உண்மையில் திட்டினால் தேவலை என்று இருந்தது.

“இதுக்கு முன்னாடி வேற எங்கனா இந்த மாரி பச்ச, செவப்பு அடிச்சிருக்கீங்களா?” என்றாள்.

நான் வேதியியல்காரரைப் பார்த்தேன். அவர் மேடத்தைப் பார்த்தார்.

“ரெண்டு ஏரியில” என்றேன். “போன வருஷம்.”

“அங்கியும் நீங்க மூணு பேருதானா?”

“ஆமாம்மா.”

“அங்க எந்தப் பக்கத்துல இருந்து எண்ணினீங்கன்னு பாத்தீங்களா?”

நேற்று மதியத்திலிருந்து நாங்கள் மூவரும், மூன்று முனைவர் பட்டங்களும், இந்த ஒரு குழாயைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. மேடம் கையிலிருந்த பட்டியல் நழுவிக் கீழே விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

“அப்புறம் இன்னா இங்க நின்னு ப்ரஷ்ஷ கழுவிக்கினு இருக்கீங்க?” என்றாள் அவள். குரல் உயரவில்லை. குழந்தை எழுந்துவிடுமே என்று தாழ்த்தித்தான் பேசினாள். “அங்க குடிச்சிக்கினு இருப்பாங்க சார். போங்க.”

பாதி கழுவிய பிரஷ்ஷை ஜீப்பின் தரையில் போட்டுவிட்டு ஏறினோம். முதல் ஏரி ஆனேக்கல் பக்கம். ஒன்பது போர்வெல். நாலுக்குப் பச்சை.